ஊர்ப் பாறையை அறிதலும் கிணற்றுக் கடனும்

கிணறு வெட்டவோ ஆழ்குழாய் இறக்கவோ ஓர் அங்கத்தினர் கடன் கேட்டு மனுச் செய்யும்போது, சங்கத்தார் பட்டாவைப் பார்க்கின்றனர்; சிட்டாவையும் அடங்கலையும் பார்க்கின்றனர்; வில்லங்கம் உண்டா என்று விசாரிக்கின்றனர்; ஜாமீன்தாரர் யாரென்று கேட்கின்றனர். நிலத்தின் மேலுள்ள உரிமையைப்பற்றி இவ்வளவு தீர விசாரிக்கும் நாம், அந்நிலத்தின் கீழே என்ன இருக்கிறது என்பதைப்பற்றி ஒரு வார்த்தையேனும் கேட்பதில்லை. ஆயினும் கடன் தவணை தவறாமல் திரும்பி வருமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பாறையே. தண்ணீர் கண்ட கிணற்றுக்கும், புழுதி மட்டும் கிளம்பிய ஆழ்குழாய்க்கும் வட்டி ஒன்றுதான்.

பூகர்ப்ப சாஸ்திரம் என்றவுடன், அது பெரிய பட்டம் பெற்றவர்களுக்கே உரியது என்று பலர் ஒதுங்கிவிடுகின்றனர். கொங்கு நாட்டுக் குடியானவர் அவ்வாறு ஒதுங்க வேண்டிய அவசியமில்லை. செம்மண், கரிசல், சரளை, சுக்கான்கல், வெங்கச்சாங்கல், காக்காய்ப்பொன் என்று அவர் தினந்தோறும் வழங்கும் சொற்களிலேயே இச்சாஸ்திரத்தின் முதற்பாடங்கள் அடங்கியுள்ளன. அங்கத்தினர் பத்துப்பேர் ஒருநாட் காலையில் சேர்ந்து நடந்து, மாலையில் சங்கக் கட்டிடத்தில் அமர்ந்து, கண்டதைப் பேசினால், இப்பாடங்களைக் கோவையாக அறிந்துகொள்ளலாம். அந்நடையில் எவற்றைக் காண வேண்டும், அப்பேச்சில் எவற்றைக் கேட்க வேண்டும் என்பவற்றை இங்கே எடுத்துரைப்போம்.

முதலாவது பார்க்கத்தக்கது மலையன்று. ஊரிலுள்ள பழைய வெட்டுக்கிணறே. கட்டுக்கல் வைத்துக் கட்டாத கிணறாயின் மிகவும் நன்று. கரையில் நின்று பார்த்தாலே படைகள் தெரியும். உள்ளே இறங்க வேண்டுவதில்லை. மேலே ஒன்று முதல் ஐந்து அடி வரையில் உழுமண். அதன்கீழ்ப் பல இடங்களில் வெளுத்த சுக்கான்கல் படை. மழைநீர் மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு இறங்கி, வெயிற்காலத்தில் வற்றும்பொழுது அச்சுண்ணாம்பை விட்டுச் செல்வதனால் இது உண்டாகிறது. அதற்குக் கீழே, கையால் உதிர்த்தால் உதிர்ந்து, ஆயினும் பாறையின் வரிகள் இன்னும் அழியாமலிருக்கும் சரளைப் படை. இதுவே இற்றுப்போன பாறை. இன்னும் கீழே வெடிப்புகள் ஓடிய பாறை. முடிவில், உளி பட்டால் மணிபோல ஒலிக்கும் கெட்டிப் பாறை.

இப்படைகளுள் தண்ணீரைத் தாங்குவது எது? பூமிக்கடியில் ஆறு ஓடுவதாகவும், அதன்மேல் துளையிட்டால் போதும் என்றும் கிராமங்களில் ஒரு நம்பிக்கை உண்டு. கொங்கு நாட்டுப் பாறையில் அத்தகைய ஆறு ஏதுமில்லை. கெட்டிப் பாறையின் உடலில் தண்ணீருக்கு இடமே இல்லை எனலாம். சரளைப் படையிலும் வெடிப்புகளிலுமே அது தங்குகிறது. அச்சரளையிலும், கிணற்றுக்கு ஊறி வரத்தக்க நீர், கனத்தில் நூற்றுக்கு ஒன்றரை முதல் மூன்று பாகமே என்று நிலத்தடி நீரைக் கணக்கிடும் அதிகாரிகள் கொள்கின்றனர்.

இக்கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்போம். கடன் மனுவை ஆராய்பவர் அறிந்திருக்க வேண்டிய கணக்கு இதுவே. ஒருவர் நிலத்தில் சரளை 30 அடி கனம் இருக்கிறது என்றும், அது முழுதும் நிரம்பியிருக்கிறது என்றும், நூற்றுக்கு இரண்டு பாகம் நீர் தரும் என்றும் வைத்துக்கொள்வோம். அந்த 30 அடியிலுமாகச் சேர்ந்திருக்கும் தண்ணீர் ஏறக்குறைய 7 அங்குலமே. ஓர் ஏக்கருக்கு ஓர் அங்குலம் என்பது ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர். ஆகவே ஏக்கருக்கு 7 லட்சம் லிட்டர் கையிருப்பு. கரும்புப் பயிருக்கு ஓராண்டில் வேண்டுவது 60 அங்குலத்திற்குக் குறையாது. இனி வரவைக் கவனிப்போம். கோயம்புத்தூர்ப் பக்கத்தில் சராசரி மழை வருஷத்திற்கு ஏறத்தாழ 25 அங்குலம். இத்தகைய பாறை நிலத்தில் அதில் நூற்றுக்கு எட்டு முதல் பதினொரு பாகமே கீழிறங்குவதாகக் கணக்கு. அதாவது இரண்டு அல்லது இரண்டேமுக்கால் அங்குலம். ஒருமுறை முற்றும் வறண்ட அந்த 30 அடி மறுபடியும் நிரம்ப, ஒருவரும் ஒரு சொட்டும் இறைக்காதிருந்தாலும், மூன்று வருஷம் வேண்டும். எந்த அங்கத்தினரும் இவ்விதமான வரவு செலவை உடைய ஒருவருக்குத் தம் கைப்பணத்தைக் கடன் கொடுக்கத் துணியார்.

கவலை இறைத்த காலத்தில் மாடுகள் களைத்தவுடன் இறைப்பு நின்றது. இரவில் கிணறு ஊறியது. 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்த பின்னர் மோட்டார்களுக்குக் களைப்பு என்பதில்லை. வெட்டுக்கிணறுகள் வற்ற, ஆழ்குழாய்கள் வந்தன. அவை இப்பொழுது பல ஊர்களில் ஆயிரம் அடியைத் தாண்டுகின்றன. ஆழம் கூடக் கூட வெடிப்புகள் குறைந்து, இறுகி விடுகின்றன என்பதைப் பலர் அறிவதில்லை. நல்ல நீர்தரும் வெடிப்புகளில் பெரும்பாலானவை முதல் 300 அடிக்குள்ளேயே அகப்படுபவை. அதற்குக் கீழே தற்செயலாக ஒரு வெடிப்பு அகப்பட்டாலும், அதில் வரும் நீர் மேலிருந்து, அயலார் கிணறுகளின் அடியிலிருந்து வடிந்து வந்ததே.

கிணற்றைக் கண்டபின் நடக்கத் தொடங்கலாம். நம் காலடியிலுள்ள பாறை எத்தகையது? கறுப்பும் வெளுப்புமாக வரி வரியாகத் தோன்றும் பாறையே கொங்கு நாட்டில் மிகுதி. சாஸ்திரிகள் இதனை நைஸ் என்பர். நீலகிரியில் மிகுதியாயிருப்பது வேறொன்று. நீலமும் பழுப்பும் கலந்த எண்ணெய்ப் பளபளப்புடையது. அதன் பெயர் சார்னோக்கைட். இப்பெயரின் வரலாறு வேடிக்கையானது. கல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல் இப்பாறையால் ஆனது. இந்திய பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட், சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பாறையும் அதுவும் ஒன்றே எனக் கண்டு, 1893-ல் அவர் பெயரையே அதற்கு இட்டார். நம் ஊர் மலைகளின் கல்லுக்கு வங்காளத்துக் கல்லறையிலிருந்து பெயர் வந்தது இவ்வாறு.

இப்பாறைகள் பல, ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பூமிக்குள்ளே பல மைல் ஆழத்தில், மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானவை. பிற்பாடு, சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பாலக்காட்டிலிருந்து காவிரியை நோக்கிச் செல்லும் ஒரு பட்டையில் இவை மறுபடியும் சூடேறி, பிசைந்த மாவைப்போல இழுபட்டு முறுக்குண்டன. மேலே மூடியிருந்த பாறை அனைத்தும் தேய்ந்து கடலுக்குப் போன பின்னரே நம் வயல்கள் தோன்றின. பாலக்காட்டுக் கணவாய் இப்பட்டையிலேயே அமைந்திருக்கிறது. ஆடி மாதத்தில் நம்மை வாட்டும் காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள அந்த ஏறத்தாழ 20 மைல் அகல வாசல் வழியே வருவதேயாம்.

கணவாயை ஒட்டிய மதுக்கரையில் வேறொரு பாறை உண்டு. அதுவே பளிங்குபோன்ற சுண்ணாம்புக்கல். 1934-ல் அங்கே சிமெண்டுத் தொழிற்சாலை தோன்றியதற்கு இக்கல்லே காரணம். பழங்காலத்து நீரடியில் படிந்த சுண்ணாம்பு, பின்னர் ஆழத்தில் வெந்து இவ்வாறு ஆயிற்று. இது சுண்ணாம்பா என்று அறிய விரும்புவோர், கல்லைச் சிறிது தூளாக்கி அதன்மேல் எலுமிச்சம்பழச் சாறு விட்டுப் பார்க்கலாம், சுண்ணாம்பாயின் நுரைக்கும். சுக்கான்கல்லும் அவ்வாறே நுரைக்கும்; வெங்கச்சாங்கல் நுரைக்காது. சிறுவர்களையும் உடன் அழைத்துச் சென்றால், இச்சோதனையை அவர்கள் ஊர் முழுவதும் செய்து முடித்து விடுவார்கள்.

வெள்ளியங்கிரி மலைச்சரிவில் தோன்றும் நொய்யலாற்றை வழியாகக் கொண்டு கிழக்கே சென்றால் நிலத்தின் மாறுதல் படிப்படியாகத் தெரியும். பேரூர் வரையில் மலையிலிருந்து வந்த வண்டல். சூலூர்ப் பக்கத்தில் கரிசலும் செம்மண்ணும் கலந்தவை. திருப்பூரைத் தாண்டினால் மண் மெலிந்து, பாறை மேலே எட்டிப் பார்க்கிறது. காங்கேயம் பக்கத்துக் கொரங்காடுகளை எல்லோரும் கண்டிருக்கலாம். கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், நடுவே வெள்வேல் மரங்கள். அயலூரார் இவற்றைப் பயிரிடாத சோம்பேறிகளின் நிலம் என்று எண்ணுவதுண்டு. உண்மை வேறு. அங்கே மண் கனம் மிகக் குறைவு. உடனே சரளையும் பாறையும். ஆகவே, உழுது மண்ணைக் காற்றுக்குக் கொடுப்பதைவிடப் புல்லை நிறுத்தி மாட்டை வளர்ப்பதே லாபம் என்று முன்னோர் கண்டனர். காங்கேயம் மாட்டின் பெயர் எங்கும் பரவியதில் இப்பாறைக்கும் பங்குண்டு.

அதே காங்கேயத்தை அடுத்துச் சிவன்மலை இருக்கிறது. மலைமேலுள்ள கோயிலைத் தொழுதுவிட்டுத் திரும்பும் பலர், அம்மலையைப்பற்றி 1901-ல் ஹாலண்ட் ஒரு தனி நூலே எழுதியிருக்கிறார் என்பதை அறியார். அங்குள்ள அபூர்வமான பாறை வகையில் குருந்தக்கல் பதிந்திருக்கிறது. குருந்தம் வைரத்திற்கு அடுத்த கடினமுடையது, சாணைக்கு உதவுவது, தெளிந்து நிறம் பெற்றதே நீலமும் கெம்பும். சற்றுத் தொலைவிலுள்ள படியூரில் கடல்நிறப் பச்சைக்கல் கிடைத்தது; 1819, 1820-ஆம் ஆண்டுகளில் ஹீத் என்ற ஆங்கிலேயர் அதனை வெட்டி எடுத்தார். இதற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நொய்யற் கரையிலுள்ள கொடுமணலில் இத்தகைய கற்களை அறுத்தும் தேய்த்தும் மணிகள் செய்தனர் என்பதை, 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் முதலியோர் நடத்திய அகழ்வாராய்ச்சி காட்டிற்று. கோயம்புத்தூர்ப் பிரதேசத்தில் ரோமாபுரி நாணயங்கள் புதையலாக அகப்படுவதும் இவ்வணிகத்தைக் குறிப்பதே.

மணியும் கிணறும் எவ்வாறு சம்பந்தப்படும் எனலாம். படியூர்ப் பச்சைக்கல், பாறையின் பிளவுகளில் பிற்காலத்தில் ஏறி உறைந்த பெருமணிப் பாறை நரம்புகளில் உண்டாவது. வெங்கச்சாங்கல் நரம்புகளும் அவ்வாறே. வயலில் வெங்கச்சாங்கற்கள் ஒரே நேர்கோட்டில் சிதறிக் கிடந்தால், கீழே பழைய பிளவு ஒன்று ஓடுகிறது என்று அறியலாம். அந்நரம்பு நொறுங்கியிருந்தால் அதன் ஓரத்தில் நீர் ஓடும். நொறுங்காமல் இறுகியிருந்தால் சுவரைப்போல நின்று நீரைத் தடுக்கும். இதனாலேயே 300 அடி தூரத்திலுள்ள இரு கிணறுகளில் ஒன்று நிரம்பவும் மற்றொன்று வறளவும் காண்கிறோம். வறண்டவர் தம் ஜாதகத்தை நொந்துகொள்கிறார். ஓடை காரணமின்றி நேர்கோட்டில் ஓடுமிடம், கோடையிலும் மரங்கள் ஒரே வரிசையில் பசுமையாக நிற்குமிடம், பாறையின் வரிகள் எத்திசையில் சாய்கின்றன என்பது, இவற்றை நடையின்போது குறித்துக்கொள்ள வேண்டும். வேப்பங்குச்சியும் தேங்காயும் கொண்டு நீரோட்டம் பார்ப்பவரிடம் பணத்தைக் கொடுக்குமுன், வேளாண்மைப் பொறியியல் இலாகாவார் சிறு கட்டணத்திற்கு மின்தடைக் கருவியால் சோதித்துக் கூறுவதை நினைவில் வைக்கலாம். அக்கருவியும் தவறுவதுண்டு, ஆனால் சரளையின் கனத்தை அது ஒருவாறு சொல்லிவிடும்.

பகல் நடைக்குப்பின் மாலைப் பேச்சு. இதில் விரிவுரை செய்வோர் வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. கிணறு வெட்டிய முதியோரை முதலில் பேசச் செய்க. எந்தத் தோட்டத்தில் எத்தனை அடியில் பாறை தட்டியது, எப்பக்கத்திலிருந்து ஊற்றுக்கண் திறந்தது என்பவை அவர்கள் நினைவிலேயே உள்ளன. அவர்களுக்குப்பின் எங்கும் இல்லை. ஒவ்வொருவரும் தம் நிலத்துக் கல்லொன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைக்கட்டும். ஒரு பானையில் சரளையை நிரப்பி, அளந்த நீரை ஊற்றி, அடியிலுள்ள துளை வழியாக எவ்வளவு வடிகிறது என்று காட்டினால், மேற்கூறிய கணக்கு எல்லோருக்கும் விளங்கிவிடும்.

பின்னர், கிராம வரைபடத்தின் பிரதியொன்றில், சர்வே நம்பர் வாரியாக ஒவ்வொரு கிணற்றையும் ஆழ்குழாயையும் குறிக்க வேண்டும். மொத்த ஆழம், கெட்டிப் பாறை தொட்ட ஆழம், தை மாதத்து நீர்மட்டம், வைகாசி மாதத்து நீர்மட்டம் ஆகிய நான்கு எண்கள் போதும். இதில் கஷ்டமான பகுதி ஒன்றுண்டு. தண்ணீர் கிடைத்ததைச் சொல்வோர் பலர். கிடைக்காததைச் சொல்வோர் சிலரே. இரண்டு லட்சத்தை மண்ணில் போட்டுவிட்டு, வீட்டாரிடமும் முழுத் தொகையைச் சொல்லாமல் மறைப்பவர் உண்டு. ஆயினும் வரைபடத்தில் மிகவும் பயன்படும் புள்ளி அந்த வறண்ட துளையே; அடுத்தவர் அங்கே கடன் வாங்கித் துளையிடாமல் அது தடுக்கும். ஆகையால் சங்கத்தலைவர் தம்முடைய தோல்வியையே முதலில் குறிப்பது உசிதம். அவருக்கு அப்படி ஒன்று இல்லையெனில் செயலாளருக்கு இருக்கும்.

சங்கங்களுக்கும் கோயம்புத்தூர் மண்ணுக்கும் உள்ள உறவு பழையது. 1887-ல் கோயம்புத்தூர் ஜில்லாவின் மண், கிணறு, பயிர் முதலியவற்றை விவரித்துக் கைப்புத்தகம் எழுதிய பிரடெரிக் நிக்கல்ஸனே, 1895-லும் 1897-லும் வெளியான அறிக்கையில் கிராம நாணய சங்கங்களை இம்மாகாணத்தில் ஸ்தாபிக்க வேண்டுமென வற்புறுத்தியவர். குடியானவரின் கடனைப்பற்றி எழுதியவர், அதற்கு முன்பே அவருடைய கிணற்றைப்பற்றி எழுதியிருந்தார்.

குடியானவர் தாமே நிலத்தடி நீரை அளப்பது நடக்கக்கூடியதா என்று ஐயுறுவோர், ஆந்திர நாட்டைப் பார்க்கலாம். 2003 முதல் சில ஆண்டுகள், ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்தின் துணையுடன், வறண்ட பாறைப் பிரதேசங்களைக் கொண்ட ஏழு ஜில்லாக்களில் ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் மழையைத் தினமும், கிணற்று நீர்மட்டத்தைப் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறையும் அளந்தனர். ஒவ்வோராண்டும் விதைப்புக்கு முன் கூடி, இருப்பில் உள்ள நீர் இவ்வளவு, நாம் எண்ணும் பயிர் கேட்பது இவ்வளவு என்று கணக்கிட்டனர். இன்ன பயிர்தான் இட வேண்டுமென்று எவரும் கட்டளையிடவில்லை; கணக்கைக் கண்டபின் பலர் நெல்லைக் குறைத்தனர். நம் சங்கப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவை வாசிப்பதற்கும் இதற்கும் அதிக வேற்றுமை இல்லை.

வரைபடம் மற்றொரு வேலைக்கும் உதவும். 2024 ஆகஸ்டு 17-ல் தொடங்கிய அத்திக்கடவு அவிநாசித் திட்டத்தின்படி, காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியாற்றின் உபரிநீரில் ஒன்றரை டி.எம்.சி. வரை ஏற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு ஜில்லாக்களில் 1,045 குளங் குட்டைகளுக்கு விடுவதென ஏற்பாடாயிற்று. நீர் வந்து நிரம்பிய குளம் கண்ணுக்கு அழகு. ஆனால் அது கீழே இறங்குமா என்பது, குளத்தின் அடியில் சரளை உண்டா, கெட்டிப் பாறையா, வண்டல் எத்தனை அடி மூடியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. தூர் வாருவதற்கும் தடுப்பணைக்கும் பஞ்சாயத்தில் தீர்மானம் செய்யுமுன், அருகிலுள்ள கிணறுகளின் எண்களைப் பார்ப்பது நலம்.

பாறையின் வெடிப்பு நல்ல நீரை மட்டும் கொண்டு வருவதன்று. திருப்பூரில் சாயக்கழிவு நொய்யலில் விடப்பட்ட காலத்தில், ஒரத்துப்பாளையம் அணைக்கட்டைச் சுற்றிய கிணறுகள் உப்பேறின, தென்னையும் கருகிற்று. 2011-ல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவு நிலத்தின் மேல் சென்ற வழி எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. பாறைக்குள் சென்ற வழியைக் கிணற்று நீரைச் சுவைத்தவர்களே அறிந்தனர். ஆதலால் நான்கு எண்களுடன் நீரின் சுவையையும் ஒரு சொல்லில் எழுதி வைக்கலாம்.

முதல் நடைக்கு வைகாசி மாதம் ஏற்றது; அப்பொழுது கிணறுகள் தம் அடியைக் காட்டும். அடிக்கொரு முடிச்சிட்ட கயிறு, கல் கட்டிய நுனியோடு, ஒரு சுத்தியல், வரைபடம், இரண்டு எலுமிச்சம்பழம், குடிநீர். கைப்பிடிச் சுவரற்ற கிணற்றில் ஒருவர் மட்டும் கயிற்றை விட, மற்றவர் பின்னே நிற்க வேண்டும். வழியில் மூடாத வறண்ட ஆழ்குழாய் அகப்பட்டால், அதை எழுதிவிட்டு அப்படியே போய்விடலாகாது. 2019-ல் மணப்பாறைக்கு அருகில் அத்தகைய துளையில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையை மீட்க முடியாமற்போனதை நாடே கண்ணீருடன் பார்த்தது. மண்ணும் கல்லும் இட்டு நிரப்பி, வாயை மூடி, அதன்பின் வரைபடத்தில் குறித்துவிட்டு அடுத்த தோட்டத்திற்கு நடக்க.